லோகு வைக்காத இடைவெளி

எங்கள் அலுவலகத்தில் ஒரு சொல் புழங்குகிறது. வேறெங்கும் அதற்கு அந்தப் பொருள் கிடையாது. அச்சுக்குப் போகும் பக்கத்தில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்திருந்தால் அதை நாங்கள் ‘லோகு’ என்போம். “நாலாம் பக்கத்துல ஒரு லோகு இருக்கு பாருங்க” என்று நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். லோகு என்பது ஓர் ஆளின் பெயர் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் சொல்லியிருக்கிறேன்.

திருப்பதியில், ரேணிகுண்டா சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு தெருவில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குப் பக்கம் அமைத்துத் தருவது தொழில். யாரோ எங்கோ மூளை நரம்பைப் பற்றியும் மண்புழுவைப் பற்றியும் எழுதுகிறார்கள். அது இங்கே வந்து, பக்கங்களாகித் திரும்பிப் போகிறது. நான் சுலோச்சனா, ப்ரூஃப் பார்ப்பவள். வேலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்து நாற்காலி தாட்சாயணியுடையது. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

நகரிப் பக்கத்தில் கரும்பு போட்ட பக்கிரிசாமியின் மகள் அவள். புத்தூரில் நாலு விசைத்தறி ஓட்டும் முனிரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். காலை ரயிலில் புத்தூரில் ஏறித் திருப்பதியில் இறங்குவாள். சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். பி.எஸ்சி. கணிதம் படித்தவள் என்றாலும் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கொடுத்தது டைப் அடிக்கிற வேலைதான். மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்போம். அவள் பத்து நிமிஷத்தில் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அப்படி யாரும் சொல்லிக்கொடுக்காமல் மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டாள்.

மேக்ரோ என்றால் என்ன என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். அவருக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நாங்கள் பக்கத்தைக் கையால் நகர்த்தி அமைப்பதில்லை. ஒரு ஃபைலில் கட்டளைகளை எழுதுகிறோம், கணினி அதைப் படித்துப் பக்கமாக்குகிறது. கட்டுரை எழுதியவர் பெயர் வந்தால் இந்த எழுத்து, இந்த அளவு, இந்த நிறம் என்று பத்துக் கட்டளைகள் வேண்டும். அந்தப் பத்தையும் சேர்த்துக் கட்டி ஒரு பெயர் வைத்துவிட்டால் அது மேக்ரோ. அப்புறம் பெயரைச் சொன்னால் போதும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மேக்ரோ எழுதும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனால், அந்த வரி முடிவையே கணினி ஒரு இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். அது வேண்டாம் என்றால் வரி முடிவில் ஒரு சதவீதக் குறி போட வேண்டும். போட மறந்தால் எங்கோ ஒரு பக்கத்தில், இரண்டு எழுத்துக்கு நடுவே, அரிசி முனையளவு வெள்ளை விழும். பத்திக்கும் பத்திக்கும் நடுவே விழுந்தால் கணினியே அதைத் தள்ளிவிடும், தெரியாது. ஓடும் வரியின் நடுவே விழுந்தால்தான் தெரியும். அதுவும் எல்லார் கண்ணுக்கும் தெரியாது.

தாட்சாயணியின் கண்ணுக்குத் தெரியும். அவளிடமிருந்து போன பக்கம் திரும்பி வந்ததில்லை என்று பேர் எடுத்திருந்தாள். 2019 பொங்கலுக்குப் பிறகு அவளை டீம் லீட் ஆக்கினார்கள். பெண்களில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு மைசூர்பாகு வாங்கி வந்து எல்லார் மேசையிலும் தானே வைத்தாள்.

அவளுக்குக் கீழே இருந்தவன்தான் லோகேஸ்வரன். எல்லோருக்கும் லோகு. சத்தியவேட்டுப் பையன், அப்போது இருபத்தேழு வயது. நீளமாக இருப்பான், நாற்காலியில் முக்கால்வாசி சரிந்துதான் உட்காருவான். வேலைக்கு வந்து இரண்டே வருஷத்தில் மேக்ரோவில் தாட்சாயணிக்குச் சமமாக வந்துவிட்டான். சமம் என்று அவள் சொல்வாள். அவளைவிடக் கொஞ்சம் மேலே என்று நான் நினைத்தேன். அவள் ஒரு காரியத்தைக் கவனத்தால் செய்வாள், அவன் அதையே விளையாட்டாகச் செய்வான்.

எல்லா இதழ்களுக்கும் பொதுவான மேக்ரோக்கள் தாட்சாயணி எழுதிய பொது ஃபைலில் இருக்கும், ஒவ்வொரு இதழுக்கும் தனியாக வேண்டியவை அந்த இதழின் ஸ்டைல் ஃபைலில் இருக்கும். ஒரு மருத்துவ இதழின் பழைய ஸ்டைல் ஃபைலைச் சுத்தம் செய்யும் வேலையை அவள் அவனிடம் கொடுத்தாள். ஆளாளுக்கு ஒட்டுப்போட்டு ஆயிரத்து நானூறு வரிக்கு வீங்கியிருந்தது அது. அவன் ஒரு மாதம் உட்கார்ந்து அறுநூறு வரிக்குக் கொண்டுவந்தான். தாட்சாயணி பார்த்தாள், சரி என்றாள். அதில் இதழ் ஓட ஆரம்பித்தது.

நாலு மாதம் கழித்து அந்த இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த இதழில், எழுதியவர் பெயரை ஒட்டி மேலே தூக்கிய ஒரு சிறு எண் வரும். அவர் எந்த ஆஸ்பத்திரி என்பதைக் காட்டும் எண். பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. அதோடு போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு கட்டுரையில் பெயர் வரியின் ஓரத்தில் முடிந்து, எண் மட்டும் தனியாக அடுத்த வரியின் தலையில் போய் நின்றுவிட்டது. அடுத்தவருடைய பெயருக்கு முன்னால் நின்றதால் ஒரு பெரிய டாக்டர் வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்காரர் ஆகிவிட்டார். அவர் கோபப்பட்டார். தேடிப் பார்த்தால் அந்த நாலு மாத இதழ்கள் முழுக்க அதே இடைவெளி.

அன்று காலை பதினோரு மணிக்கு மேலாளர் கோவர்த்தனன், தாட்சாயணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஸ்பீக்கரில் வெளிநாட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரத்தில் காரணம் வேண்டும் என்றார்கள். அவள் தன் இடத்துக்கு ஓடி வந்து லோகுவின் ஃபைலைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். சதவீதக் குறி இல்லாத வரிகள் இரண்டு.

“லோகு, இங்க வா. இது இன்னா?”

அவன் வந்து குனிந்து பார்த்தான். “அக்கா, அது பத்திக்கு நடுவுல வர்ற எடம். அங்க ஸ்பேஸ் விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. இது வேற எங்கிருந்தோ வருதுக்கா. ரெண்டு நாள் குடுங்க, புடிச்சித் தர்றேன்.”

“ரெண்டு நாளா? அவங்க லைன்ல காத்துக்கினு இருக்காங்க.”

“உங்க பொது ஃபைலயும் ஒருவாட்டி பாத்துடலாம்க்கா. எழுதனவர் பேரு அங்கிருந்துதானே வருது.”

அவள் பழைய ஆயிரத்து நானூறு வரி ஃபைலை எடுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். இடைவெளி இல்லை. லோகுவின் ஃபைலைப் போட்டாள், இருந்தது. அது போதும் என்று எழுந்து போனாள்.

அறையில் நடந்ததைக் கோவர்த்தனன் பிறகு எங்களிடம் சொன்னார். யார் செய்தது என்று ஸ்பீக்கரில் கேட்டார்கள். தாட்சாயணி ஒரே வார்த்தையில் சொன்னாள், லோகேஸ்வரன். அவர்கள் முதலில் கேட்டது காரணத்தை. சொன்னது ஓர் ஆளின் பெயரை. எப்படியோ, அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை லோகுவை அனுப்பிவிட்டார்கள். அவன் சண்டை போடவில்லை. தண்ணீர் பாட்டிலையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு, “வர்றேங்க்கா” என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனான். தாட்சாயணி திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

பழைய ஃபைலிலேயே இதழ் தொடர்ந்தது. ஃபைலின் மேலே அவள் ஒரு குறிப்பு எழுதிவைத்தாள். லோகு திருத்திய வடிவத்தில் இடைவெளிப் பிழை, பயன்படுத்த வேண்டாம் என்று. அடுத்து வந்தவர்கள் எல்லாம் அந்தக் குறிப்பைப் படித்தார்கள். லோகு திருத்தியது, லோகு ஸ்பேஸ், அப்புறம் வெறும் லோகு. யாரும் திட்டமிட்டு வைத்த பெயர் இல்லை. முதல் தடவை கேட்டபோது தாட்சாயணி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஐந்து வருஷம் ஓடியது. கொரோனா வந்தது, வீட்டிலிருந்து வேலை செய்தோம், திரும்பி வந்தோம். 2024 ஜூனில் எல்லா இதழ்களையும் புது முறைக்கு மாற்றும் வேலை வந்தது. ஹர்ஷினி என்ற புதுப் பெண் அந்த மருத்துவ இதழை எடுத்துக்கொண்டாள். ஒருநாள் மதியம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மேடம், இங்க ஒரு கமாண்ட் இருக்கு. முன்னாடி ஸ்பேஸ் ஏதாச்சும் இருந்தா முழுங்கிடுன்னு. எதுக்குன்னே தெரியல. முன்னாடிதான் ஸ்பேஸே கிடையாதே, எடுத்துடவா?”

“எடுத்துடு,” என்றாள் தாட்சாயணி. சொல்லிவிட்டு, “இரு, நானே எடுத்துப் பாக்கறேன்,” என்றாள்.

அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு ஒரு கட்டுரையை ஓட்டினாள். பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே அந்த வெள்ளை வந்து நின்றது. ஹர்ஷினி சிரித்தாள். “லோகு வந்துட்டான் மேடம்.”

தாட்சாயணி சிரிக்கவில்லை. லோகுவின் ஃபைல் இதில் இல்லை. இது பழைய ஃபைல், அவன் கைபடாதது.

அவள் தேட ஆரம்பித்தாள். இதற்கு ஒரு வழி உண்டு. ஃபைலில் பாதியை ஒதுக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. இடைவெளி இருந்தால் அது மிச்சப் பாதியில் இருக்கிறது. அதிலும் பாதியை ஒதுக்குவது. அப்படியே சின்னதாக்கிக்கொண்டே போனாள். ஸ்டைல் ஃபைல் முழுவதையும் ஒதுக்கியாயிற்று, இடைவெளி போகவில்லை. மிச்சம் இருந்தது பொது ஃபைல், அவள் 2014-இல் எழுதியது. அங்கேயும் பாதி, அதில் பாதி. கடைசியில் பதினோரு வரிகள் மிஞ்சின. எழுதியவர் பெயருக்கான மேக்ரோ. கணினி அந்த வரியில் என்னென்ன வைக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டச் சொன்னாள். பெயரின் கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு இடைவெளி என்று அது எழுதிக் காட்டியது.

ஒன்பதாவது வரி. முடிவில் சதவீதக் குறி இல்லை. மேக்ரோவுக்கு மேலே அவள் பெயரின் முதலெழுத்தும் தேதியும்.

மற்ற இதழ்களில் ஒவ்வொரு பெயரும் தனி வரியில் வரும், வரியின் கடைசியில் இருக்கும் இடைவெளி யாருக்கும் தெரியாது. இந்த ஒரு இதழில்தான் பெயரை ஒட்டி எண் வரும். இங்கேயும் யாரோ முன்காலத்தில் விழுங்கும் கட்டளையைப் போட்டுத் தற்செயலாக மூடியிருந்தார்கள். லோகு சுத்தம் செய்தபோது, ஹர்ஷினியைப் போலவே, அது தேவையில்லை என்று எடுத்திருக்கிறான்.

அன்று மாலை அவள் ரயிலை விட்டுவிட்டாள். மற்றவர்கள் போன பிறகு என்னை உட்காரச் சொல்லி இவ்வளவையும் காட்டினாள்.

“அவன் சொன்னான் சுலோ. பொது ஃபைல பாக்கலாம்னு சொன்னான். அந்த ரெண்டு வரிலயும் சதவீதம் போட்டு ஒருவாட்டி ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும், இடைவெளி போகலன்னு. அஞ்சி நிமிஷ வேல. பத்திக்கு நடுவுல வுழுந்தா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அவனுக்குச் சொல்லிக்குடுத்தேன்.”

“பதட்டத்துல நடந்ததுதானே,” என்றேன்.

“பதட்டம் இல்ல. கெடச்சது போதும்னு நெனச்சேன்.”

மறுநாள் கோவர்த்தனனிடம் போனாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ஆசிரியர் குழுவே மாறிட்டாங்கம்மா. அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப இத யார் கேட்டாங்க?” என்றார். அவள் விடவில்லை. பிழை லோகேஸ்வரனுடையது அல்ல என்று அலுவலகத் தாளில் நாலு வரிக் கடிதம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினாள். ஃபைலின் மேலிருந்த குறிப்பை அழித்துவிட்டு உண்மையை எழுதினாள். எல்லோரையும் கூட்டி வைத்து, நடந்ததைச் சொல்லி, இனிமேல் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். மூன்றாம் நாள் மூலையிலிருந்து ஒரு குரல், “இங்க ஒரு லோகு” என்றது. சொன்ன பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த வாரம் நாக்கைக் கடித்துக்கொள்வதும் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டாள்.

லோகுவின் பழைய எண் வேலை செய்யவில்லை. வேலையில் சேர்ந்தபோது அவன் எழுதிக்கொடுத்த படிவத்தில் வீட்டு எண் இருந்தது. அவன் அப்பா எடுத்தார். “அவன் பாகாலால கீறான்மா. பொண்டாட்டி ஊரு அது. மாங்கூழ் ஃபேக்டரில வேல செஞ்சிக்கினு கீறான். முன்ன ஸ்ரீ சிட்டில ஒரு கம்பெனில ரெண்டு வருஷம் இருந்தான். நீங்க யாரு, ஃப்ரெண்டா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவனுடைய புது எண்ணையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்டாளாம்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காட்பாடி வண்டியில் நாங்கள் இருவரும் போனோம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். கைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது, மடங்கக் கூடாது என்று ஒரு அட்டைக்குள் வைத்திருந்தாள். சந்திரகிரி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“இன்னொண்ணு கீது சுலோ. உனக்குத் தெரியாது.”

“இன்னா?”

“அவன் போயி ரெண்டு மாசம் இருக்கும். சென்னையில ஒரு கம்பெனியிலருந்து எனக்கு போன் வந்திச்சி. அவன எடுக்கறதா இருக்கோம், ஆள் எப்படின்னு கேட்டாங்க. மேக்ரோ நல்லா எழுதுவான், கொஞ்சம் கவனம் பத்தாதுன்னு சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அந்தம்மா தேங்க்ஸ்னு வெச்சிட்டாங்க.”

நான் அவளைப் பார்த்தேன்.

“போன வாரம் அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணேன். அந்தம்மா எப்பவோ வேற எடம் போயிட்டாங்களாம். அப்ப இன்னா நடந்திச்சின்னு யாருக்கும் தெரியல. சுலோ, இத அவன்கிட்ட சொல்லணுமா? ஸ்பேஸ் விசயத்த மட்டும் சொல்லிட்டு வந்துடலாமா?”

வண்டி ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. “போறதே அதுக்குத்தானே. பாதிய மறச்சிட்டு வந்தா உனக்கே நிம்மதி இருக்காது. சொல்லிடு,” என்றேன்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. லோகு வாசலுக்கு வந்து நின்றான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, ஃபேக்டரிச் சட்டை போட்டிருந்தான். மாம்பழ சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, பன்னிரண்டு மணிக்குப் போக வேண்டும் என்றான். எங்களைப் பார்த்ததில் அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். “ரூபா, எங்க ஆபீஸ் அக்காங்க. நான் சொல்லியிருக்கேன்ல?” என்று மனைவியைக் கூப்பிட்டான். ரூபா அங்கே ஒரு பள்ளியில் டீச்சர். தெலுங்கிலும் தமிழிலுமாக மாறி மாறிப் பேசினாள், காபி கொண்டுவந்தாள்.

தாட்சாயணி காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “லோகு, அந்த ஸ்பேஸ் என்னுது. நீ வெச்சது இல்ல,” என்றாள்.

அவன் சிரித்தான். “தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“வூட்டுக்கு வந்தப்புறம் அதையே நெனச்சிக்கினு இருந்தேன். ஃபைல் கைல இல்ல, ஆனா தலையில இருந்திச்சில்ல? மூணாம் நாளே புடிச்சிட்டேன். நீங்க எழுதின பேரு மேக்ரோ, கடைசிக்கு ரெண்டு வரி முன்னால. கரெக்டா?”

“கரெக்ட்டு.” அவள் குரல் இறங்கிவிட்டது. “ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது? வுடுங்கக்கா. அந்த முழுங்கற கமாண்ட எடுத்தது நான்தானே. எடுக்கறதுக்கு முன்னால, பேரு வரி ஓரத்துல முடியற மாதிரி ஒரு பக்கம் ஓட்டிப் பாத்திருக்கணும். என் தப்பும் கீது.”

அவள் கடிதத்தைக் கொடுத்தாள். அவன் நின்றபடி படித்தான், இரண்டாவது தடவையும் படித்தான். ரூபாவிடம் கொடுத்து, “பத்திரமா வை,” என்றான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த நிமிஷத்தில் நாங்கள் எழுந்து வந்திருக்கலாம்.

“மாங்கூழ்ல இன்னா வேல?” என்று நான் கேட்டேன்.

“டப்பா மூடி சரியா சீலாவுதான்னு பாக்கறதுக்கா. நின்னுக்கினே பாக்கணும்.” பிறகு தானாகவே சொன்னான். “சென்னையில நெறய எடம் போய்ப் பாத்தேன். ஒரு எடத்துல மூணு ரவுண்டு வெச்சாங்க. கடேசி ரவுண்டுல அவங்களே, எப்ப சேர்றன்னு கேட்டாங்க. அப்புறம் கூப்பிடவே இல்ல. நமக்கு அந்த அளவுக்கு வேல வரல போலன்னு வுட்டுட்டேன்.”

தாட்சாயணி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. சொல் என்கிற மாதிரிதான் இருந்திருக்க வேண்டும் என் முகம்.

சொன்னாள். கம்பெனியின் பெயர், போன் வந்த மாதம், தான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழாமல் சொல்லி முடித்தாள்.

லோகு “அந்தக் கம்பெனிதானா?” என்றான். “ஆமா.” “அந்த மேடம், மூக்குக்கண்ணாடி போட்டவங்க, அவங்களா?” “தெரியல லோகு. போன்ல பேசினதுதான்.”

“நாப்பது நாள் அந்த போனுக்காகக் காத்துக்கினு இருந்தேன்,” என்றான். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. கூப்பிடாத காரணத்தை அவன் ஐந்து வருஷமாகத் தனக்குள் ஒரு விதமாக வைத்திருந்தான், அதை இப்போது எடுத்துப் பார்க்கிறான் என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றரைகூட ஆகவில்லை. “டூட்டிக்கு டைம் ஆச்சு” என்று செருப்பை மாட்டினான். தாட்சாயணி எழுந்து, “லோகு” என்றாள். “சரிக்கா” என்றான். வெறும் சரிக்கா. பைக் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது.

ஆபீசில் புழங்கும் அந்தச் சொல்லைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளைச் சொல்ல வைத்தவள், என் பங்கை மட்டும் மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு அவள் மூன்று தடவை செய்தி அனுப்பியும் அவனிடமிருந்து பதில் வரவில்லை. புது அலுவலகம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், நான் பேசுகிறேன் என்றுகூட எழுதினாள். பத்து நாள் கழித்து, மதியம் சாப்பிடும் நேரத்தில், ரூபாவிடமிருந்து போன் வந்தது. தாட்சாயணி என் பக்கமாகப் போனைச் சாய்த்துப் பிடித்ததால் எனக்கும் கேட்டது.

“அக்கா, நீங்க நல்ல மனசோடதான் வந்தீங்க, எனக்குத் தெரியுது. ஆனா இனிமே அவருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க. அந்த வேல நமக்கு வரலன்னு நெனச்சி, அத விட்டுட்டு நிம்மதியா இருந்தாரு. வந்திருக்கும்னு இப்பத் தெரிஞ்சி போச்சி. சரியா சாப்பிட மாட்டேங்கறாரு. ஃபேக்டரில நிக்க மாட்டேங்கறாரு. நான் எப்படியோ பாத்துக்கறேன். நீங்க வுட்டுடுங்க.”

“சரிம்மா,” என்றாள் தாட்சாயணி. ரூபா வைத்துவிட்டாள்.

அவள் விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டபடி அதன்பிறகு ஒரு செய்தியும் அனுப்பவில்லை. லோகு அந்த ஃபேக்டரியிலேயே இருக்கிறானா, வேறு எங்காவது போனானா என்பது எங்களுக்குத் தெரியாது. லீட் வேலையிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்லி அவள் இரண்டு தடவை எழுதிக்கொடுத்தாள். கோவர்த்தனன் வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் செய்யவில்லை. இப்போது எங்கள் டீமில் ஏதாவது தப்பு நடந்து மேலே கேட்டால், அவள் காரணத்தை மட்டும் எழுதி அனுப்புகிறாள், ஆள் பெயர் போடுவதில்லை. பெயர் கேட்டு வந்தால் தன் பெயரைப் போடுகிறாள். வேறு கம்பெனியிலிருந்து யாரைப் பற்றிக் கேட்டு போன் வந்தாலும் எடுப்பதில்லை.

நாங்கள் இன்னும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். மதியம் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். பாகாலா பற்றிப் பேசுவதில்லை. அன்று ரயிலில் சொல்லிடு என்று நான் சொன்னேனே, அதை யோசிக்காமல்தான் சொன்னேன் என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவள் இதுவரை அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.